ஆராதனைன்னா பாட்டு நேரம் மட்டும்தானா?

பனைநிழல் | ஞாயிறு, மதியம் 1.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு வாரமா மனசுல ஒரு சங்கடம், அதான் எழுதுறேன்.

எங்க ஊர் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில். மூணு வருஷமா சேகர கமிட்டியில, அதாவது சபை நிர்வாகக் குழுவில இருக்கேன். போன கூட்டத்துல ஒரு தீர்மானம் வந்தது. சுவர்ல இருக்கிற பாட்டு நம்பர் பலகையைக் கழட்டிட்டு அந்த இடத்துல எல்.இ.டி திரை மாட்டணும். ஞாயித்துக்கிழமை முதல் அரை மணி நேரம் வாலிபர் குழு பாடும், அப்புறம் ஐயர் (போதகரை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) முறைமையை, அதாவது புத்தகத்துல எழுதி வச்ச வழிபாட்டு ஒழுங்கைத் தொடங்குவார். பாமாலை (மேல்நாட்டு மெட்டுப் பாட்டு) ஒண்ணு, கீர்த்தனை (நம்ம ராகத்துப் பாட்டு) ஒண்ணுன்னு குறைச்சுக்கலாம்.

திரையைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. கண்ணு மங்கினவங்களுக்கு உதவியாத்தான் இருக்கும். உறுத்தினது தீர்மானத்துல எழுதியிருந்த வாசகம்: "ஆராதனை 30 நிமிடம், அதன்பின் வழிபாட்டு முறைமை." அப்ப பாவ அறிக்கை, வேதபாடம், விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை, திருவிருந்து இதெல்லாம் ஆராதனை இல்லையா? எங்க அம்மா "ஆராதனைக்கு நேரமாச்சு"ன்னு சத்தம் போட்டா, ரெண்டாம் மணியிலேர்ந்து ஆசீர்வாதம் வரைக்கும் மொத்தமும் அந்த வார்த்தைக்குள்ள அடங்கும். எப்பலேர்ந்து அது பாட்டுக்கு மட்டும் பேரா மாறுச்சு?

அந்தப் பலகை மேல எனக்கு ஒரு ஒட்டுதல் உண்டு, மறைக்கல. எட்டு வயசுல அதுக்கு நம்பர் மாட்டினவன் நான். சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். 'பா' வரிசையில மூணு, 'கீ' வரிசையில ரெண்டு. ஒன்பது நம்பர் அட்டை என்னைக்கோ தொலைஞ்சு போச்சு. ஆறைத் தலைகீழா மாட்டிச் சமாளிப்போம்.

வயசாகுறதால இப்படித் தோணுதா? உங்க சபையில எப்படி?

கீபோர்டு தம்பி | ஞாயிறு, மதியம் 2.25

அண்ணாச்சி, நான் எதிர்க்கட்சி. எங்க சேகரத்துல வாலிபர் குழுவுக்கு வாசிக்கிறது நான்தான். கோவிச்சுக்காம கேளுங்க.

எங்க கோயில்ல கீர்த்தனை போட்டா முன்வரிசைப் பாட்டிங்க, பாடகர் குழு, ஆர்கன்காரர், இவங்கதான் பாடுவாங்க. மத்தவங்க புத்தகத்தைப் புரட்டுவாங்க, நம்பர் கிடைக்கிறதுக்குள்ள ரெண்டு சரணம் ஓடிரும். முறைமை வாசிக்கும்போது பாதிப்பேர் கையில மொபைல். என் வயசுப் பசங்க காலையில நம்ம கோயில்ல தலையைக் காட்டிட்டு, சாயங்காலம் பெந்தெகொஸ்தே சபைக்குப் போறாங்க. ஏன்டான்னு கேட்டா "அங்கதான் ஆராதிக்க முடியுது"ங்கிறான். அந்த வார்த்தை மாறினது அங்கதான். நாங்க மாத்தல, மாறினதைப் புடிச்சுக்கிட்டோம்.

இன்னொண்ணு. பாரம்பரியம் பாரம்பரியம்னு சொல்றீங்களே, பாமாலையில பாதி மெட்டு இங்கிலாந்து, மீதி ஜெர்மனி. அதைப் பாடினா பாரம்பரியம், நான் கீபோர்டுல தமிழ்ப் பாட்டு வாசிச்சா கச்சேரியா?

பழைய ஐயர் | ஞாயிறு, மாலை 5.10

ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பெஞ்சில் உட்காருகிறவன். தம்பி கேட்டதில் நியாயம் உண்டு. முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம்.

ரோமர் 12:1-ல் பவுல், உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, "இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். கிரேக்கத்தில் அங்கே உள்ள சொல் லத்ரெயா, பணிவிடை. அந்த வசனத்தில் பாட்டு இல்லை, கோயில் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசுகிற யோவான் 4-ல் வருவது வேறு சொல், விழுந்து வணங்குவது. நம் வேதாகமம் அதைத் "தொழுதுகொள்ளுதல்" என்கிறது. மூன்றாவதாக லெயித்தூர்கியா. ஏதென்ஸில் வசதியுள்ளவன் தன் கைக்காசில் ஊருக்குச் செய்த பொதுக்காரியத்துக்குப் பெயர் அது. போர்க்கப்பலுக்குச் செலவழிப்பது, நாடகத்தில் பாடும் குழுவுக்குப் படியளப்பது போன்றவை. அதிலிருந்து வந்ததைத்தான் நாம் முறைமை என்கிறோம். ஒன்று வேலை, ஒன்று உடம்பு வளைவது, ஒன்று ஊருக்கான செலவு. மனசுக்கு இதமாக இருந்ததா என்ற கேள்வி இந்த மூன்றிலும் இல்லை.

தம்பி சொன்ன மெட்டு விஷயம் உண்மை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து அதே மெட்டில் பாட வைத்தார்கள். சொல் ஒரு பக்கம் இழுக்கும், மெட்டு ஒரு பக்கம் இழுக்கும். நம் இசையில் கீர்த்தனைகள் எழுதிக் குவித்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தமிழில் ஆராதனை தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு! ஆகவே கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசுதான்.

ஆனால் முறைமையை வெறும் வாசிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பல சபைகள் ஒன்றாக இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஒரு தலைவலி இருந்தது. ஆங்கிலிக்கனுக்கு ஜெபப்புத்தகம் இல்லாமல் வாய் வராது. காங்கிரிகேஷனல்காரருக்குப் புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பது ஜெபமாகவே தோன்றாது. இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கவேண்டும். 1950-ல் வெளிவந்த திருவிருந்து முறைமை அதற்கு வழி செய்தது. எழுதி வைத்த ஜெபமும் உண்டு, மனதிலிருந்து வரும் ஜெபத்துக்கு இடமும் உண்டு. குருவானவர் பலிபீடத்துக்குப் பின்னால் சபையைப் பார்த்து நிற்கலாம் என்றது. கேரளத்துச் சிரியன் சபையிலிருந்து கையோடு கை சமாதானம் கொடுப்பதை எடுத்துக்கொண்டது. உலகத்தின் பல சபைகள் பின்னால் இதைப் பார்த்துத் தங்கள் முறைமையைத் திருத்தின. இங்கே நாம் அதை "எப்ப முடியும்" என்று கடிகாரம் பார்த்துக்கொண்டு சொல்கிறோம்.

சுதிப்பெட்டி | ஞாயிறு, இரவு 8.05

ஐயா பெரிய விஷயம் எழுதியிருக்காங்க. நான் அடுப்படி விஷயம் பேசுறேன். பாடகர் குழுவில ஆல்ட்டோ (பெண்கள்ல கீழ்க்குரல்), 31 வருஷமா.

தம்பி, உங்க ஆளுங்க வாசிக்கும்போது சபை ஏன் பாடாம நிக்குதுன்னு எப்பவாவது கவனிச்சியா? பாட்டு புதுசுங்கிறது மட்டும் காரணம் இல்ல. ரெக்கார்டுல பாடினவர் மேல் குரல்காரர். நாலு கட்டையில பாடியிருப்பார் (கட்டைன்னா சுதியோட உயரம்). நீங்க அதே கட்டையில வாசிப்பீங்க, ஏன்னா உங்க குழுவில பாடுற பையனுக்கு வயசு இருபத்திரெண்டு, அவனுக்கு அது எட்டுது. பல்லவி உச்சத்துக்குப் போகும்போது ஆம்பளைங்க கீழ ஒரு ஸ்தாயி இறங்கி முணுமுணுப்பாங்க, அம்மாமாருங்க வாயை மூடிக்குவாங்க. அதைப் பார்த்துட்டு "சபைக்கு ஆவியில உற்சாகம் இல்லை"ன்னு மைக்குல திட்டு வேற! உற்சாகம் எல்லாம் இருக்கு. தொண்டைதான் இல்ல. சபை பாட்டுக்கு ரெண்டு கட்டைக்கு மேல போகக்கூடாது. அதிகாலை ஆராதனைன்னா இன்னும் கீழ.

அடுத்தது மைக்கு. மேடையில ஆறு மைக்கு. பக்கத்துல நிக்கிறவ பாடுறது எனக்குக் கேக்கல. நான் பாடுறது எனக்கே கேக்கல. அப்புறம் எதுக்குப் பாடணும்?

எங்க ஆளுங்க தப்பையும் சொல்லிடுறேன். கீர்த்தனைப் புத்தகத்துல ஒவ்வொரு பாட்டுக்கு மேலயும் ராகம், தாளம் அச்சாகியிருக்கு. பைரவின்னு போட்டிருக்கும், நாங்க பாடுறது ஆர்கன் கட்டைக்குள்ள அடங்குற ஏதோ ஒண்ணு. கமகம் எல்லாம் எப்பவோ தேஞ்சுபோச்சு. ஆமை வேகத்துல இழுக்கிறோம். அனுபல்லவிக்கு வர்றதுக்குள்ள கொட்டாவி வருது. சின்னப் பசங்க ஓடுறதுல ஆச்சரியம் இல்ல.

கீபோர்டு தம்பி | ஞாயிறு, இரவு 8.20

அக்கா, அந்தக் கட்டை விஷயம்… குத்துச்சு. உண்மை. ரெக்கார்டு பார்த்துதான் வாசிக்கிறோம்.

வடக்கன்குளத்துக்காரன் | ஞாயிறு, இரவு 9.45

நான் கத்தோலிக்கன், நடுவுல நுழையுறதுக்கு மன்னிக்கணும்.

எங்க பாட்டி "பூசை பார்த்துட்டு வந்தேன்"னுதான் சொல்லும். வடக்கன்குளத்துல மட்டுமில்ல, எல்லாக் கத்தோலிக்க ஊர்லயும் அதுதான் பேச்சு. காரணம் இருக்கு. அப்ப பூசை லத்தீன்ல. சாமியார் பீடத்தைப் பார்த்துக்கிட்டு நமக்கு முதுகைக் காட்டி நிப்பார். சனம் புரியாம பின்னால முட்டிபோட்டு ஜெபமாலை உருட்டிக்கிட்டிருக்கும். மணி அடிச்சா நிமிர்ந்து அப்பத்தைப் பார்க்கும், கும்பிடும். பார்க்கிறதுதான் பங்கு. 1963 டிசம்பர்ல இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டை வெளியிட்ட பிறகுதான் தமிழ்ல பூசை வந்தது, சாமியார் நம்ம பக்கம் திரும்பினார். எங்களுக்கு அது அறுபது வருஷத்துக் கதைதான்.

உங்க ஆளுங்க எழுதுறதைப் படிக்கும்போது ஒண்ணு தோணுது. மேடை, கலர் லைட்டு, ஆறு மைக்கு, கண்ணை மூடிப் பாடுற குழு. சனம் கீழ நின்னு பார்க்குது. மறுபடியும் 'பூசை பார்க்கிற' காலத்துக்கு நீங்க வேற வாசல் வழியா போறீங்களோ? லத்தீனுக்குப் பதிலா சவுண்டு.

எங்க பக்கமும் ஒழுங்குன்னு சொல்ல வரல. ஞாயிறு திருப்பலிக்கு வந்து வெளிய பைக் மேல உட்கார்ந்து பிரசங்கம் முடியட்டும்னு காத்திருக்கிற கூட்டம் ஒண்ணு எங்ககிட்டயும் உண்டு.

ஓரக்கதவு | திங்கள், காலை 6.50

நான் விசுவாசி இல்லை. கல்லூரியில விட்டது, திரும்ப வரல. ஆனா ரெண்டு வருஷமா ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போறேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போக ஆள் வேணுமே.

அம்மாவுக்கு மறதி நோய். என்னைச் சில நாள் தன் தம்பின்னு நினைச்சுப் பேசுவா. சாப்பிட்டது ஞாபகம் இருக்காது. ஆனா ஐயர் பாவ அறிக்கைக்கு அழைச்சதும் கை முன்பெஞ்சுல மரச்சட்டத்தைத் தேடும். முழங்கால் மடங்காது, ஆனாலும் மடங்கப் பார்க்கும். சட்டத்தைப் புடிச்சுக்கிட்டு நெத்தியைக் கையில வச்சுக்குவா. உதடு ஐயரைவிட அரை வரி முன்னால போகும். ஒரு ஞாயிறு அவர் ஒரு வரியை விட்டுட்டார். அம்மா விடல. விட்ட வரியைத் தனியாச் சொல்லி முடிச்சுட்டு நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தா பாருங்க!

எங்க கோயில்லயும் இப்ப முதல் அரை மணி நேரம் குழுப்பாட்டு. அந்த நேரம் அம்மா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு என்னைப் பார்ப்பா, வீட்டுக்குப் போலாமாங்கிற மாதிரி. வாரா வாரம் பாட்டு மாறுது. மாறாததுதான் அவளுக்குள்ள தங்குது. 'புதுசா இருந்தாத்தான் உயிர்'ங்கிறவங்க இதையும் ஒரு கணக்குல வச்சுக்கணும்.

(தனியா ஒரு கருத்து, சண்டைக்கு வராதீங்க. எனக்குக் கோயில்ல புடிச்சது அறுப்பின் பண்டிகை ஏலம். ஒரு முருங்கைக்காய்க் கட்டுக்கு ரெண்டு சித்தப்பாமார் ஆயிரக்கணக்கில ஏத்திக்கிட்டே போவாங்க பாருங்க. ஐயரையா சொன்ன கைக்காசுப் பொதுக்காரியம் அதுதான்.)

கடைசி வரிசை | திங்கள், மதியம் 12.15

பாட்டு, சுதி, திரை எல்லாம் பேசியாச்சு. உள்ளே வந்தவன் எங்கே உட்கார்ந்தான்னு யாரும் கேக்கல. கேக்கிறேன்.

தரங்கம்பாடியில 1718-ல் கட்டின புதிய எருசலேம் ஆலயத்துல எங்க தலித் ஆட்களுக்குத் தனி இடம், சூத்திரர்னு சொல்லிக்கிட்டவங்களுக்குத் தனி இடம். திருவிருந்துக்கும் வரிசை உண்டு, அவங்க எடுத்த பிறகு நாங்க. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி பாக்கக்கூடாதுன்னு கடிதம் எழுதினார். தஞ்சாவூர்ல, சென்னையில கூட்டம் கூட்டமா வெளியேறினாங்க. ஐயா மரியாதையா எழுதின வேதநாயகம் சாஸ்திரியார் யார் பக்கம் நின்னார்? கலந்து உட்காரச் சொன்ன மிஷனரிமாரை எதிர்த்து எழுதினவர் அவர். நாம உருகி உருகிப் பாடுற கீர்த்தனைக்குச் சொந்தக்காரர், பக்கத்துல நான் உட்காருறதுக்குச் சம்மதிக்காதவர். ரெண்டையும் சேர்த்துத்தான் நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கணும்.

1 கொரிந்தியர் 11 படிச்சிருக்கீங்கல்ல. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்"னு பவுல் கோபப்படுறது பாட்டைப் பத்தி இல்ல, பந்தியைப் பத்தி. வசதியானவன் முந்திச் சாப்பிட்டான், வேலை முடிஞ்சு வந்தவனுக்கு ஒண்ணும் மிஞ்சல. அதுக்குத்தான், நீங்க கூடிவந்து செய்யுறது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லைன்னார்.

எங்க அப்பா சொல்வார், அவர் சின்ன வயசுல கிண்ணம் எங்க வரிசைக்கு வரும்போது ஐயர் துணியால விளிம்பைத் துடைக்க மாட்டாராம், ஏன்னா அதுக்கப்புறம் வேற யாரும் குடிக்கப் போறதில்லை. இப்ப சின்னச் சின்னக் கிண்ணம் வந்துருச்சு. 2020-ல் நோய்க்காக வந்தது, சரி. ஆனா நோய் போன பிறகும் "அதுவே இருக்கட்டும்"னு முதல்ல கை தூக்கினவங்க யாருன்னு எங்க சபையில எனக்குத் தெரியும். கையோடு கை சமாதானமும் போச்சு. தூரத்துலேர்ந்து ஒரு கும்பிடு. வசதிதான், யாருக்கு வசதிங்கிறதுதான் கேள்வி.

கீர்த்தனைப் பிரியன் | திங்கள், மதியம் 1.30

எதிலும் சாதியைக் கொண்டுவந்து நுழைக்கிறதே சிலருக்கு வேலையாப் போச்சு. 1774-ல் பிறந்து 1864-ல் மறைந்த மனுஷனை இந்தக் காலத்து அளவுகோலால அளந்தா எப்படி? அவர் பாட்டைப் பாடித்தான் உங்க தாத்தாவும்

[இதற்கு மேல் இருந்த வரிகள் நீக்கப்பட்டன. ஆளை விட்டுவிட்டுக் கருத்தைப் பேசவும். – நெறியாளர்]

கடைசி வரிசை | திங்கள், மதியம் 1.50

அந்தக் காலத்து அளவுகோல்லயே அளங்க. வில்சனும் அந்தக் காலத்து ஆள்தானே?

பழைய ஐயர் | திங்கள், இரவு 7.30

கடைசி வரிசைக்கு: நீங்கள் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. நான் சாஸ்திரியாரைப் பாதி மட்டும் சொன்னேன். ஊழியத்தில் இருந்தபோதும் பாதிதான் சொன்னேன், கீர்த்தனைத் திருவிழா மேடைகளில் மீதிக்கு இடம் இருக்காது.

1950 முறைமையில் அந்தச் சமாதானம் ஏன் வந்தது என்பதற்கு நீங்கள் எழுதியதே பதில். சடங்குக்கு அழகு சேர்க்க அல்ல. குருவானவர் உதவியாளரின் கைகளைத் தன் இரு கைக்குள் வைத்துக் கொடுப்பார், அவர் இறங்கிவந்து முதல் பெஞ்சில் உள்ளவருக்கு, அவர் அடுத்தவருக்கு. பெஞ்சின் ஓரத்தில் யார் இருந்தாலும் கையை நீட்டித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அடுத்தவர் காத்திருக்கிறார். எங்கே அந்தச் சங்கிலி அறுகிறது என்று பீடத்திலிருந்து பார்த்தால் தெரியும். ஒரு ஊரில் நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பெஞ்சில் நின்றுவிட்டது. நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மத்தேயு 5:23-ஐ வைத்துப் பிரசங்கித்தேன், காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற இடம். அந்த மாதம் காணிக்கை குறைந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

தம்பி, உங்களுக்கும் ஒரு செய்தி. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்றால் பலருக்குத் தெரியும், ஒரு முழு வழிபாட்டு முறையையே கிராமிய இசையில் அமைத்தார். பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதைத் திருவிருந்தோடு சேர்த்துப் பேசினார். நம் ஊர் அசனப் பண்டிகையில் ஒரே கொப்பரையில் வடித்த சோறு எல்லார் இலைக்கும் வருகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பழசா புதுசா என்று பிரித்தால் அவரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? சாவு மேளம் கோயிலுக்குள்ளா என்று முகம் சுளித்தவர்கள் பாமாலைக்காரரிலும் இருந்தார்கள், கீபோர்டுக்காரரிலும் இருந்தார்கள்.

வலிகாமம் | செவ்வாய், அதிகாலை 3.15

யாழ்ப்பாணத்தில இருந்து வந்த ஆள், இப்ப கனடாவில. நேர வித்தியாசத்துக்கு மன்னிக்கவும்.

1995 ஒக்டோபர்க் கடைசியில, சண்டையால, வலிகாமம் முழுக்க ஒரே இரவில எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை வேற. அடுத்த ஞாயிறு ஒரு பள்ளிக்கூடத்து மாமரத்தடியில ஆராதனை வைச்சம். பாட்டுப் புத்தகம் ஒருத்தரிட்டயும் இல்லை, வேதாகமம் ரெண்டு மூண்டு இருந்தது. அப்பமும் ரசமும் இல்லாததால திருவிருந்து இல்லை. போதகர் முறைமையை மனப்பாடமாச் சொன்னார், சனம் பதில் சொல்லிச்சுது. கீர்த்தனையும் அப்பிடித்தான், ஒரு மனுசி தொடங்க மற்றவை பிடிச்சினம். பக்கத்தில கத்தோலிக்கச் சனமும் இருந்தவை, பரமண்டல ஜெபத்தில சொல்லு மாறினாலும் கூடவே சொல்லிச்சினம்.

இப்ப இஞ்ச எங்கட சபையில திரை இருக்கு. என்ர பிள்ளைகளுக்கு ஒரு பாட்டும் பாடமில்லை. திரை இருக்கே எண்டுதான்.

கீபோர்டு தம்பி | செவ்வாய், இரவு 10.10

ரெண்டு நாளா எல்லாத்தையும் படிச்சேன். என் பக்கத்தை முழுசா விட்டுத்தரல, அதைச் சொல்லிடுறேன். எங்க குழுவில ஒரு பையன் குடிச்சுட்டுத் திரிஞ்சவன். அவன் முதல்ல வாயைத் திறந்து ஜெபிச்சது ஒரு புதுப் பாட்டுக்கு நடுவுலதான். பாவ அறிக்கையை அவன் நூறு தடவை வாசிச்சிருப்பான். அது அவனுக்குள்ள போகல. பாட்டு போச்சு. அதை யாரும் வெறும் உணர்ச்சின்னு தள்ளினா ஒத்துக்க மாட்டேன்.

ஆனா 'ஆராதனை'ங்கிற வார்த்தையை நாங்க புடுங்கிக்கிட்டோம்கிறது சரி. எங்க நோட்டீஸ்ல இனிமே 'பாடல் நேரம்'னு போடச் சொல்லியிருக்கேன். ஒரு சண்டை நடந்தது, பரவாயில்ல.

ஆமோஸ் 5:23-ஐ நேத்துதான் கவனிச்சேன். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று." இரைச்சல்! எங்க சவுண்டுக்காரன்கிட்ட காட்டினேன், சிரிக்கிறான்.

பனைநிழல் | அடுத்த ஞாயிறு, மாலை 4.30

எல்லாருக்கும் நன்றி. நேத்துக் கமிட்டி கூடுச்சு. நடந்ததைச் சொல்றேன்.

தீர்மானத்துல வாசகத்தை மாத்தியாச்சு. "ஆராதனை காலை 8 மணி" அவ்வளவுதான். முதல்ல மூணு பாட்டு, அதுல ஒண்ணாவது கீர்த்தனை. முறைமை முழுசா இருக்கும். மைக்கு ரெண்டு போதும்னு சொன்னப்ப வாலிபர் சங்கச் செயலாளர் எழுந்து போயிட்டார், காபி வந்ததும் திரும்ப வந்தார். திரை உண்டு. அது வலப்பக்கம்.

கையோடு கை சமாதானத்தைத் திரும்பக் கொண்டுவரணும்னு நான் கேட்டேன். அறையில ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் ஒருத்தர் "சுகாதாரம்"னார், ஒருத்தர் "நேரம்"னார். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வச்சிருக்கு. கடைசி வரிசை, நீங்க எழுதினதைப் படிக்காம இருந்திருந்தா நானும் "நேரம்"னு சொல்லியிருப்பேன்.

கடைசி வரிசை | ஞாயிறு, மாலை 5.05

அடுத்த கூட்டம் எப்ப? தேதியைப் போடுங்க. போட்டாத்தான் நடக்கும்.

பனைநிழல் | ஞாயிறு, மாலை 5.20

அடுத்த மாசம் ரெண்டாவது சனி. என்ன ஆனாலும் இங்க வந்து எழுதுறேன்.

சுதிப்பெட்டி அக்கா, ஒரு உதவி. வர்ற ஞாயிறு எங்க பசங்க முதல் தடவையா கீர்த்தனைக்கு வாசிக்கிறாங்க. என்ன செய்யச் சொல்லட்டும்?

சுதிப்பெட்டி | ஞாயிறு, மாலை 6.00

ரெண்டு கட்டை. பல்லவியை முதல்ல கீபோர்டு இல்லாம சபை ஒரு தடவை பாடட்டும், அவங்க எந்த வேகத்துல பாடுறாங்கன்னு பசங்க காதால கேக்கட்டும். அப்புறம் அந்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வாசிக்கச் சொல்லுங்க. இழுக்க விடாதீங்க. தபேலா ஆதி தாளத்துல நேரா போனாப் போதும், வித்தை வேண்டாம்.

கீபோர்டு தம்பி | ஞாயிறு, மாலை 6.10

அண்ணாச்சி, அவங்க நாலு கட்டையில பழகியிருந்தா விரலை மாத்தச் சொல்லாதீங்க, குழம்பிடுவாங்க. கீபோர்டுல சுதி மாத்துற ட்ரான்ஸ்போஸ் பட்டனை மைனஸ் மூணுல வைக்கச் சொல்லுங்க. ரெண்டு கட்டைக்கு வந்துரும்.

பலகை என்னாச்சு?

பனைநிழல் | ஞாயிறு, மாலை 6.25

பழைய இடத்துலயே இருக்கு. இன்னைக்கு என் பேத்திதான் நம்பர் மாட்டினா. ஒன்பது இன்னும் கிடைக்கல. ஆறும் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். 96-ஆம் பாமாலை மட்டும் போட்டுறாதீங்கன்னு உபதேசியார்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.